தாயக்கட்டையும் திருவுளச்சீட்டும்

சிவகங்கை மாவட்டத்துத் திருப்புவனத்தை அடுத்த கீழடியில் 2014ஆம் ஆண்டு தொடங்கி நடைபெற்ற அகழாய்வுகளில், பானையோடுகளோடும் மணிகளோடும் சுடுமண் ஆட்டக்காய்களும் தந்தத்தாற் செய்த பகடைகளும் கிடைத்துள்ளன. பண்டை நாளிலேயே வையைக் கரையில் மக்கள் பகடை உருட்டி மகிழ்ந்தனர் என்பதற்கு இவை சான்று. அதே மாவட்டத்தில், காரைக்குடியைச் சூழ்ந்த செட்டிநாட்டு வீடுகளின் வளவுகளில், பித்தளைத் தாயக்கட்டைகளின் ஒலி அண்மைக்காலம் வரை கேட்டது. ஆட்டம் தொன்மையானது, அதைப்பற்றி எழும் இறையியல் வினாவும் தொன்மையானதே. விழுகின்ற எண்ணை விழச் செய்பவர் யார்?

முதலில் கட்டையையே நோக்குவோம். தாயக்கட்டை ஒவ்வொன்றுக்கும் நீண்ட பக்கங்கள் நான்கு. ஒரு பக்கம் வெறுமை. ஏனையவற்றில் முறையே ஒன்று, இரண்டு, மூன்று புள்ளிகள். இரு கட்டைகளையும் சேர்த்து உருட்டினால் 4 x 4 = 16 வகையில் அவை விழலாம். இவற்றுள் மொத்தம் ஒன்றாகிய ‘தாயம்’ 2 வகையிலும், இரண்டு 3 வகையிலும், மூன்று 4 வகையிலும், நான்கு 3 வகையிலும், ஐந்து 2 வகையிலும், ஆறு 1 வகையிலும் விழும். இரண்டும் வெறுமையாய் விழுவது 1 வகை. பரவலான வழக்கில் அதனைப் பன்னிரண்டு என்பர்.

ஆகவே கட்டைகள் சீரானவையாயின், காயை இறக்குவதற்கு வேண்டிய தாயம் விழும் நிகழ்தகவு எட்டில் ஒன்று. எட்டு முறை உருட்டினால் ஒருமுறை உறுதியாக விழும் என்று இதற்குப் பொருளன்று. எட்டு முறையும் விழாதிருக்கும் வாய்ப்பு நூற்றுக்கு ஏறத்தாழ 34. அவ்வாறு எட்டு முறை தவறிய பின்பும் ஒன்பதாம் முறை தாயம் விழும் வாய்ப்பு அதே எட்டில் ஒன்றுதான். முன்பு விழுந்ததைக் கட்டை நினைவில் வைத்திருப்பதில்லை. 1968இல் தொடங்கி 2003இல் தடைசெய்யப்பட்ட தமிழக அரசின் பரிசுச்சீட்டுக் காலத்தில், இத்தனை முறை விழாதது இனி விழுந்தே தீரும் என்றெண்ணி அழிந்த குடும்பங்கள், இந்த எளிய உண்மையை அறியாமையாலேயே பெரிதும் அழிந்தன.

எண்ணுந்திறனுக்கும் சூதுக்கும் உள்ள உறவைப் பாரத நாட்டினர் முன்னரே உணர்ந்திருந்தனர். மகாபாரதத்தின் நளன் கதையில், தான்றி மரத்தின் இலைகளையும் காய்களையும் பார்த்தவுடன் கணக்கிட்டுச் சொல்லும் இருதுபன்னனே, சூதின் நுட்பத்தையும் அறிந்தவனாய் இருக்கிறான். தான்றிக்காய்தான் அந்நாளில் சூதாடு கருவி என்பதும் இங்கு நினைக்கத்தக்கது. எனினும் இவ்வறிவு கணித முறையாக வளர்ந்தது மிகப் பிற்காலத்தில். 1654இல் பாஸ்கலும் பெர்மாவும், இடையில் நின்றுபோன ஆட்டத்தின் பந்தயப் பணத்தை எவ்வாறு நீதியாய்ப் பங்கிடுவது என்னும் வினாவைக் குறித்துக் கடிதங்கள் எழுதிக்கொண்டதே அதற்கு அடிப்படையாயிற்று. 1657இல் ஹைகன்ஸ் அக்கணிதத்தை நூலாக வெளியிட்டார்.

அக்கடிதங்களுக்கு 35 ஆண்டுகள் முன்னரே ஓர் ஆயர் இவ்வினாவின் இறையியற் பக்கத்தை ஆராய்ந்தார் என்பதை நாம் மறக்கலாகாது. சீட்டு விழுவது கர்த்தரின் நேரடித் தீர்ப்பு; எனவே பகடையாட்டம் அவருடைய நாமத்தை வீணில் வழங்குவதற்கு ஒப்பாகும் என்று இங்கிலாந்தின் தூய்மைவாதிகள் பலர் போதித்தனர். ராதர்ஹித் சபையின் குருவாகிய தாமஸ் கேட்டேக்கர் 1619இல் வெளியிட்ட நூலில் இதனை மறுத்தார். எல்லா நிகழ்ச்சிகளும் இறைபராமரிப்புக்கு உட்பட்டவையே. ஆயினும் பகடையின் வீழ்ச்சி மழைத்துளியின் வீழ்ச்சியைக் காட்டிலும் சிறப்பான வெளிப்பாடு ஆகாது என்பது அவர் வாதத்தின் சாரம். சீட்டின் வழியே மறைபொருளை அறிய முயல்வதை அவர் கண்டித்தார்.

இவ்வாதம் அக்காலத்தோடு முடிந்துவிடவில்லை. 1760இல் தரங்கம்பாடிக்கு வந்த மொரேவிய சகோதரர்களின் சபை, ஊழிய நியமனங்களையும் திருமணங்களையும் சீட்டிட்டுத் தீர்மானிக்கும் வழக்கம் உடையது. பக்தியில் நாம் தலைவணங்கத்தக்க அச்சபையே 1889இல் அவ்வழக்கத்தை முற்றிலும் கைவிட்டது. திருமறையும் இவ்வழியையே காட்டுகிறது. மத்தியா சீட்டினால் தெரிந்துகொள்ளப்பட்டது பெந்தெகொஸ்தே நாளுக்கு முன்பு. அதன் பின்னர்ச் சபை சீட்டிட்டதாக அப்போஸ்தலர் நடபடிகளில் நாம் காண்பதில்லை. விதவைகளின் அன்றாடப் பந்தி விசாரிப்புக்கு எழுவரைச் சபையார் ஆய்ந்து தெரிந்துகொண்டனர். அப்போஸ்தலர் ஜெபித்து அவர்கள்மேல் கைகளை வைத்தனர்.

புத்தாண்டு ஆராதனையில் எடுத்த வாக்குத்தத்தச் சீட்டைத் தன் ஆண்டின் தலையெழுத்தாகக் கொள்பவரும், பிள்ளைக்கு வந்த நோயைத் தன் பாவத்தின் தீர்ப்பென்று நடுங்குபவரும் நம் சபைகளில் உளர். சிலோவாம் கோபுரம் விழுந்து மாண்டவர்களைக் குறித்து ஆண்டவர் சொன்னதை அவர்களுக்கு எடுத்துரைப்பது ஆயரின் கடமை. இறந்தவர் மற்றவரினும் பெரும் பாவிகள் என்ற எண்ணத்தை அவர் அங்கு மறுத்தார். நிகழ்தகவை அறிந்த ஆயர் இதனைத் தெளிவுடன் கூறவியலும்.

இவ்வறிவு விசுவாசத்தை வறளச் செய்யுமோ என்று அஞ்ச வேண்டுவதில்லை. ஸ்காத்லாந்துத் திருச்சபையின் ஆயர்களாகிய ராபர்ட் வாலஸ், அலெக்சாண்டர் வெப்ஸ்டர் இருவரும், பகடையில் தோன்றிய அதே கணக்கை இறப்புப் பதிவுகளோடு இணைத்தனர். ஆயர்கள் ஏறத்தாழ 930 பேர்; ஆண்டுதோறும் சராசரி 27 பேர் இறப்பர்; அவருள் 18 பேர் விதவைகளை விட்டுச்செல்வர் என்று கணித்து, 1744இல் ஆயர்தம் விதவையர்க்கும் அநாதைகட்கும் நிதியொன்றை நிறுவினர். எந்த ஆயர் எப்போது இறப்பார் என்பதை அவர்கள் அறிய முற்படவில்லை. அதனைக் கர்த்தரிடம் விட்டனர். எத்தனை வீடுகளில் அடுப்பு அணையக்கூடும் என்பதை எண்ணிப் பார்த்து, அணையாதிருக்க வழிசெய்தனர். எருசலேமில் எழுவரிடம் ஒப்படைக்கப்பட்ட ஊழியம் இதுவே.