முள்ளைத் தேடிப் போன கலம்

பெரியகல்லாற்றுக்குக் கிழக்கே கடல், மேற்கே வாவி. வாவியில் இறங்கி வலை இழுப்பவர் காலில் மீன்முள் ஏறுவது புதினமில்லை. பிடுங்கி எறிந்துவிட்டு வேலையைப் பார்ப்பார். இரவில் கால் விண்விண்ணென்று தெறிக்கும்போதுதான் நினைவு வரும். அதற்குள் அவருடைய என்பு மச்சையில் பிறந்த ஒன்று காயத்தை நோக்கிப் புறப்பட்டிருக்கும்.

பிறக்கும்போது அதன் பெயர் மொனோசைட். இரத்தத்தில் மிஞ்சினால் மூன்று நாள் அலையும். முள் குத்திய இடத்தில் இரத்தக் குழாயின் உட்சுவர் பிசுபிசுத்துவிடும். அதில் ஒட்டி, உருண்டு, கலங்களுக்கிடையே நெளிந்து வெளியே வரும். நியூட்ரோபில்கள் என்ற வேறு வெண்கலங்கள் முந்திவிட்டிருக்கும். அவை தின்றுவிட்டுச் சீக்கிரம் சாகிறவை. நம்முடையதோ பருத்து, கைகால் நீட்டி, மக்ரோபேஜ் ஆகிறது. தமிழில் பெருவிழுங்கி.

முதலில் அது சண்டைக்காரன். ஆர்ஜினின் என்ற அமினோ அமிலத்திலிருந்து நைட்ரிக் ஒட்சைட்டை உண்டாக்கிக் கிருமியைக் கொல்லும். எலிகளில் இது தெளிவாகத் தெரியும். பிறகு செத்த நியூட்ரோபில்களைத் தின்னத் தொடங்கும். தின்னத் தின்னக் குணம் மாறும். அதே ஆர்ஜினின் இப்போது புண்ணை மூடும் நாருக்குப் போகும். எம்1, எம்2 என்று பாடப்புத்தகங்கள் இதைப் பிரிக்கின்றன. எனக்கு அந்தப் பிரிப்பில் அவ்வளவு நம்பிக்கையில்லை. வாவித் தண்ணீரை உப்பென்றும் நன்னீரென்றும் இரண்டே குடத்தில் மொள்ள முடியுமா?

இந்த விழுங்கும் கலங்களை முதலில் இனங்கண்டவருக்கும் ஒரு முள்தான் காட்டிக்கொடுத்தது. 1882இல் மெசினாவில் இலியா மெச்னிகோவ் நட்சத்திர மீனின் குடம்பிக்குள் ரோஜா முள்ளைச் செருகிவைத்தார். மறுநாள் காலை முள்ளைச் சுற்றிக் கலங்கள் மொய்த்திருந்தன. 1908இல் நோபல் பரிசு.

நம் பெருவிழுங்கிக்குப் பயணமே போகாத உறவினரும் உண்டு. மூளையின் மைக்ரோகிளியா கருவிலேயே குடியேறியது. மண்ணீரலில் இருப்பவை 120 நாள் ஓடிக் களைத்த செங்கலங்களைத் தின்று இரும்பைத் திருப்பிக் கொடுக்கின்றன.

எல்லா முள்ளும் பிடுங்கக்கூடியதல்ல. இதே வாவிக்குள் மட்டக்களப்புப் பக்கம் மாந்தீவு இருக்கிறது. தொழுநோயாளரை ஊரிலிருந்து பிரித்து வைத்த தீவு. 1873இல் மருத்துவர் ஹான்சன் கண்ட தொழுநோய்க் கிருமி பெருவிழுங்கியின் வயிற்றுக்குள்ளேயே குடித்தனம் நடத்தும். சிலர் உடம்பில் ரி கலங்கள் இன்டர்பெரோன் காமா என்ற சமிக்ஞையை அனுப்பி உசுப்ப, பெருவிழுங்கிகள் நெருங்கி நின்று வேலி கட்டும். தோலில் உணர்ச்சியற்ற சில தேமல்களோடு நோய் அடங்கிக் கிடக்கும். வேறு சிலரில் அந்த உசுப்பல் வராது. பெருவிழுங்கி கொழுப்பேறி நுரைபோல் ஊதி, கிருமியைக் கொல்லாமல் கோடிக்கணக்கில் சேர்த்துவைக்கும். குளிர்ச்சியான இடங்களான காது மடலும் மூக்கும் தடிக்கும். கிருமி ஒன்றுதான்; அதை விழுங்கியதன் குணம்தான் வேறு.

தொழுநோய்க்கு 1980களில் வந்த கூட்டு மருந்தில் குளோபாசிமின் என்று ஒன்றுண்டு. அதைக் குடிப்பவரின் தோல் செம்பழுப்பாகக் கறுக்கும். மருந்து போய்ச் சேர்வது பெரும்பாலும் பெருவிழுங்கிகளுக்குள்; அங்கேயே படிகமாகத் தங்கும். மருந்தை நிறுத்திப் பல மாதம் கழித்துத்தான் அந்த நிறம் மெல்ல வெளுக்கும்.