முகங்கண்டு பேசும் கருவி

1878 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்திலே, இலண்டன் மாநகரில் வெளியான 'பஞ்ச்' என்னும் நகைச்சுவை ஏட்டிலே ஒரு சித்திரம் இடம்பெற்றது. அதனை வரைந்தவர் ஜோர்ஜ் டு மோறியே என்பவர். இலண்டனிலுள்ள ஒரு செல்வரின் படுக்கையறை. கணப்படுப்பின் மேலே சுவரிலே அகன்றதொரு திரை. அதன் முன்னே வயது முதிர்ந்த தாயும் தந்தையும். திரையிலே பட்டப்பகல் வெளிச்சத்தில் இளைஞரும் யுவதியரும் பந்தடித்து விளையாடுகின்றனர். தந்தையார் பேசுகுழாயொன்றை வாயருகே பிடித்துக்கொண்டு, திரையிலே தோன்றும் தம் மகளோடு உரையாடுகின்றார். அந்த மகள் இருந்த இடம் யாதெனின், அது இலங்கைத் தீவேயாகும்.

கிரகாம் பெல் தொலைபேசிக்கு உரிமைப்பத்திரம் பெற்றது 1876 ஆம் ஆண்டிலே. ஆகவே குரல் கம்பி வழியே செல்லும் என்ற செய்தியே அப்பொழுது புதுமை மாறாதிருந்தது. எந்தப் புதுமையையும் எடிசனுடைய பெயரோடு சேர்த்துப் பேசுவது அக்கால வழக்கம். ஓவியரும் இதனை எடிசனின் கருவியென்றே பெயரிட்டார். எடிசன் அப்படியொன்றைச் செய்தவரல்லர், முழுவதும் பகடியே. அப்பகடியிலே ஒரு பிழையும் உண்டு. தாயும் தந்தையும் உறங்கப்போகுமுன் பிள்ளைகளைக் காண்கின்றனர் என்பது ஓவியரின் கற்பனை. இலண்டனில் இரவு 10 மணியாகும்போது இலங்கையில் விடியற்காலை ஏறத்தாழ மூன்றரை மணி. அந்த இருளிலே பந்தடிப்பவர் யார்?

எனினும் ஓவியர் ஒன்றைச் சரியாக உணர்ந்திருந்தார். முகங்கண்டு பேசும் கருவி யாருக்கு வேண்டும் என்பதே அது. கடல் பிரித்துவைத்த குடும்பத்துக்கு அது வேண்டும். பின்னர் வந்த பொறியியலாளரும் பெருங் கம்பனிகளும் இவ்வுண்மையை நெடுங்காலம் மறந்திருந்தனர். அவர்கள் மறந்ததும், பிற்காலத்தில் அது வேறு வழியாக நிறைவேறியதுமே காணொளி அழைப்பின் வரலாறு. இன்று இக்கருவிகளைப் புதிதாகக் கையாளத் தொடங்குவோர்க்கு வேண்டிய பாடங்கள் பல அவ்வரலாற்றினுள்ளே கிடக்கின்றன.

1927 ஆம் ஆண்டு ஏப்பிரல் 7 ஆந் திகதி, ஐக்கிய அமெரிக்காவின் வர்த்தக அமைச்சராயிருந்த ஹேபேட் ஹூவர் வாஷிங்டனில் அமர்ந்து பேசினார். நியூ யோர்க்கிலே கூடியிருந்தோர் அவர் குரலைக் கேட்டதோடு, சிறிய திரையொன்றிலே அவர் முகத்தையுங் கண்டனர். பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஹேபேட் ஐவ்ஸ் என்பவரின் முயற்சி அது. ஆயினும் ஹூவர் தம்மைக் கண்டவர்களைக் காணவில்லை. 1930 ஆம் ஆண்டிலே அக்குறையும் நீங்கியது. நியூ யோர்க் நகரின் இரண்டு கட்டடங்களிலே கூடுகள் அமைக்கப்பட்டு, அவற்றுள் அமர்ந்தவர்கள் ஒருவரையொருவர் கண்டு பேசினர்.

பொதுமக்கள் காசு கொடுத்துப் பயன்படுத்தத்தக்க சேவையை முதலில் நடத்தியது ஜேர்மனியின் தபாற் பகுதியாகும். 1936 ஆம் ஆண்டு மார்ச் மாதத்திலே பேர்லினுக்கும் லைப்சிக்குக்கும் இடையே அச்சேவை தொடங்கிற்று. அழைப்பவர் தம் நகரிலுள்ள கூடத்துக்குச் செல்ல, அழைக்கப்படுபவர் மறு நகரிலுள்ள கூடத்துக்கு வந்து காத்திருத்தல் வேண்டும். மூன்று நிமிடத்துக்குக் கட்டணம் மூன்றரை மார்க்கு. அன்றைய தொழிலாளி ஒருவருக்கு அது சிறு தொகையன்று. பின்னர் வேறு சில நகரங்களுக்கும் விரிந்த அச்சேவையை 1940 ஆம் ஆண்டில் உலகப் போர் நிறுத்திவிட்டது.

1964 ஆம் ஆண்டு நியூ யோர்க்கில் நடந்த உலகக் கண்காட்சியிலே அமெரிக்கத் தொலைபேசிக் கம்பனி 'பிக்சர்போன்' என்ற கருவியைக் காட்சிக்கு வைத்தது. மக்கள் வரிசையில் நின்று அதிலே பேசிப் பார்த்தனர். அவ்வாண்டு ஜூன் மாதத்திலே நியூ யோர்க், வாஷிங்டன், சிக்காகோ ஆகிய மூன்று நகரங்களில் பொதுக் கூடங்கள் திறக்கப்பட்டன. சனாதிபதி ஜோன்சனின் மனைவியார் வாஷிங்டனிலிருந்து பேசி அதனைத் தொடக்கிவைத்தார். மூன்று நிமிடத்துக்குக் கட்டணம், நகரங்களின் தூரத்துக்கேற்ப, 16 டொலரிலிருந்து 27 டொலர் வரை இருந்தது. கண்காட்சியிலே கட்டணமின்றிப் பேச முண்டியடித்தவர்கள் இக்கூடங்களின் பக்கம் வரவில்லை. சில ஆண்டுகளுக்குள் அவை மூடப்பட்டன.

கம்பனி மனந்தளரவில்லை. 1970 ஆம் ஆண்டு பிற்ஸ்பேர்க் நகரிலே கருவியை அலுவலகங்களுக்கு நேரே கொண்டு சென்றது. மாதக் கட்டணம் 160 டொலர். அதற்கு முப்பது நிமிடம் பேசலாம். பத்தாண்டு கழிவதற்குள் பத்து இலட்சங் கருவிகள் வழங்கப்பட்டிருக்கும் என்று கம்பனி எதிர்பார்த்தது. வாங்கியவர்களோ சில நூற்றுவரே. எழுபதுகள் முடியுமுன் அம்முயற்சியும் கைவிடப்பட்டது.

இத்துணைப் பெரிய தோல்விக்குக் காரணம் யாது? காரணங்கள் மூன்று. முதலாவது விலை. அக்காலத்தில் அசையும் முகமொன்றை அனுப்புவதற்கு, நூற்றுக்கு மேற்பட்ட குரல்கள் செல்லத்தக்க வழி தேவைப்பட்டது. இரண்டாவது காரணம், கருவி தம்மிடம் இருந்தாற் போதாது, பேச விரும்புபவரிடமும் இருத்தல் வேண்டும் என்பது. ஊரில் ஒருவரிடம் மாத்திரம் உள்ள தொலைபேசி வெறும் அலங்காரப் பொருளே. மூன்றாவது காரணம் மனித இயல்பைப் பற்றியது. குரல் கேட்டாற் போதும், முகங்காட்ட வேண்டியதில்லை என்று எண்ணுந் தருணங்கள் மனிதர்க்குப் பல. அலுவலகத்தில் விலை பேசும் வணிகருக்கு எதிராளியின் முகம் அத்துணை அவசியமானதன்று. அவசியமாகக் காண விரும்பியவர்களுக்கோ மாதம் 160 டொலர் கொடுக்க வழியில்லை. கருவி கிடைத்தவர்களுக்கு ஆவல் இல்லை; ஆவல் உள்ளவர்களுக்குக் கருவி கிட்டவில்லை.

விலையென்னும் தடையை உடைத்தது கணிதம். 1974 ஆம் ஆண்டிலே நசீர் அகமது, நடராஜன், கே. ஆர். ராவ் என்னும் மூவர் படத்தைச் சுருக்குவதற்கான கணித முறையொன்றை வெளியிட்டனர். அதன் அடிப்படை எளியது. ஒரு முகத்தின் படத்திலே, கன்னத்தில் உள்ள ஒரு புள்ளியும் அதனை அடுத்த புள்ளியும் பெரும்பாலும் ஒரே நிறத்தன. அவ்வாறிருக்க, ஒவ்வொரு புள்ளியையும் தனித்தனியே அனுப்புவது வீண் செலவு. பொதுவான போக்கைச் சொல்லி, கண்ணுக்குப் புலப்படாத நுட்பங்களை விட்டுவிடலாம். இதனோடு இன்னொரு சிக்கனமும் சேர்ந்தது. பேசுபவரின் பின்னாலுள்ள சுவர் அசைவதில்லை. ஆதலின் அசைந்த பகுதியை மாத்திரம் மறுபடி அனுப்பினாற் போதும். எண்பதுகளின் இறுதியிலே சர்வதேசத் தொலைத்தொடர்பு அமைப்பு இம்முறைகளைத் தழுவிப் பொது நியமமொன்றை வகுத்தது. அதனால் ஒரு கம்பனியின் கருவி மற்றொரு கம்பனியின் கருவியோடு பேச வழி பிறந்தது.

அதன்பின் மாற்றங்கள் விரைந்து வந்தன. 1992 ஆம் ஆண்டு அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்திலே, இணையத்தின் வழியே ஒருவரையொருவர் காண உதவும் செயலியொன்று உருவாயிற்று. 2003 ஆம் ஆண்டிலே தோன்றிய 'ஸ்கைப்', முதலிற் குரலையும் 2006 ஆம் ஆண்டு முதற் படத்தையும் கணினிக்குக் கணினி கட்டணமின்றிக் கொண்டுசென்றது. 2010 ஆம் ஆண்டளவில் கைத்தொலைபேசியின் முகப்பிலே கமரா பொருத்துவது வழக்கமாகத் தொடங்கிற்று. 2016 ஆம் ஆண்டு நவம்பரில் 'வட்ஸ்அப்' செயலியிலே காணொளி அழைப்பு சேர்க்கப்பட்டது.

டு மோறியேயின் சித்திரம் இலங்கையைப் பொறுத்தவரை மெய்யாயிற்று. ஆனால் தலைகீழாய் மெய்யாயிற்று. 1983 ஆம் ஆண்டுக்குப் பின்னர் இந்நாட்டுத் தமிழர் பல்லாயிரவர் இலண்டன், பாரிஸ், ரொறன்ரோ முதலிய நகரங்களிலே குடியேறினர். பிள்ளைகள் அங்கே, பெற்றோர் இங்கே. போர்க்காலத்திலே வடக்கிற் பல ஆண்டுகள் கடிதமே துணை. அதுவும் மாதக்கணக்கில் பிந்தும். அழைப்பு வருமென்று சொல்லியனுப்பிய நாளிலே, தொலைத்தொடர்புக் கடையொன்றின் வாங்கிலே மணிக்கணக்கிற் காத்திருந்து, சில நிமிடம் குரலை மாத்திரம் கேட்டுத் திரும்பிய தாய்மார் பலர். இன்று பேரப்பிள்ளை தவழ்வதை அம்மம்மா தன் வீட்டுத் திண்ணையிலிருந்தே காண்கின்றாள். தந்தையின் ஈமக்கிரியைக்கு வர இயலாத மகன், உறவினர் ஒருவர் தூக்கிப்பிடித்த கைத்தொலைபேசியின் வழியே கடைசி முறையாக அம்முகத்தைக் காண்கின்றான். அது நேரில் வந்ததற்கு ஒப்பாகாது. ஆயினும் முன்பு அதுவும் இல்லை.

2020 ஆம் ஆண்டின் கொள்ளைநோய் இக்கருவியை உலகத்தின் வகுப்பறையாகவும் ஆக்கிற்று. 'சூம்' என்னும் கூட்டச் செயலியை 2019 டிசெம்பரில் நாளொன்றுக்கு உச்சமாக ஒரு கோடிப் பேர் பயன்படுத்தினர். 2020 மார்ச்சில் அத்தொகை இருபது கோடியாயிற்று. இலங்கைப் பாடசாலைகளும் அந்த மார்ச் மாதத்திலே மூடப்பட்டன. சில மலைக்கிராமங்களிலே, பாடங் கேட்பதற்காகப் பிள்ளைகள் காட்டுவழியே நடந்து குன்றுகளில் ஏறிச் சமிக்ஞையைத் தேட நேர்ந்தது. ஒரே வீட்டில் மூன்று பிள்ளைகள், ஒரே கைத்தொலைபேசி என்ற நிலையும் இருந்தது. பிற்ஸ்பேர்க்கிலே கண்ட விலைத்தடை முற்றாக ஒழிந்துவிடவில்லை என்பதை அந்நாட்கள் காட்டின.

இவ்வரலாற்றைக் கற்றவர் கருவியைத் தெரியும்போது கேட்கவேண்டிய வினாக்கள் சில உண்டு.

முதல் வினா: மறுமுனையில் இருப்பவர் யார்? கருவிகளின் சிறப்பை ஒப்புநோக்குமுன், அவரிடம் எது உண்டு, எதனை அவர் பிறர் உதவியின்றித் திறக்க வல்லார் என்பதை அறிதல் வேண்டும். எழுபது வயதுத் தாயார் வட்ஸ்அப்பிலே குரற்செய்தி கேட்கப் பழகியிருந்தால், அவருக்கு அதுவே சிறந்த கருவி. இருவரும் அப்பிள் கைத்தொலைபேசி உடையவராயின் அதிலுள்ள 'பேஸ்டைம்' போதும். திறமையிற் குறைந்த முனைக்கு ஏற்றதையே இரு முனையும் கொள்ளுதல் முறை.

இரண்டாவது வினா: எத்தனை பேர், எவ்வளவு நேரம்? குடும்ப உரையாடலுக்குக் கைத்தொலைபேசிச் செயலி போதும். வகுப்பு, சங்கக் கூட்டம் முதலியவற்றுக்கு, பேசுவோரை ஒழுங்குபடுத்தவும் எழுத்தைத் திரையிலே காட்டவும் வல்ல சூம், 'கூகிள் மீற்' போன்றவை ஏற்றவை. சூமின் இலவசக் கூட்டம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும். நீண்ட நிகழ்ச்சியை நடத்துபவர் இதனை முன்னரே அறிந்திருத்தல் வேண்டும்.

மூன்றாவது வினா: செலவு யாருடையது? செயலி இலவசமாயினும் தரவு இலவசமன்று. குரலுக்குச் செல்லும் தரவு படத்துக்குச் செல்வதன் சிறு பங்கே. ஆதலின் முகங்கண்டு நலம் விசாரித்தபின் கமராவை நிறுத்திப் பேசுவது சிக்கனம். சமிக்ஞை நலிந்த இடத்தில் அதுவே வழியுமாகும்.

நான்காவது வினா: யார் காண்கின்றனர்? 2020 ஆம் ஆண்டிலே பகிரங்கமாக வெளியிடப்பட்ட கூட்ட இணைப்புகளைக் கொண்டு அந்நியர் புகுந்து தொல்லை விளைத்தனர். அதன் விளைவாகவே கடவுச்சொல்லும் காத்திருப்பு அறையும் வழக்காயின. அறியாத எண்ணிலிருந்து வரும் காணொளி அழைப்பை ஏற்காமை நன்று. கைத்தொலைபேசிக்கு வரும் ஆறிலக்க இரகசிய எண்ணை, அது வங்கியென்று கூறுபவராயினும், எவருக்கும் சொல்லலாகாது. எதிரிலிருப்பவரின் அனுமதியின்றி அவர் முகத்தைப் பதிவுசெய்வதும் தகாது.

தொடங்குவோர் முதல் அழைப்பை அடுத்த அறையிலுள்ள ஒருவரோடு நடத்திப் பழகலாம். யன்னலை முதுகிற்குப் பின்னே வைத்தால் முகம் இருண்டுபோம்; வெளிச்சம் முகத்தின்மேல் விழவேண்டும். கைத்தொலைபேசியைக் கையில் ஏந்தாது, கண்ணின் உயரத்திலே புத்தகங்களின்மேற் சார்த்தி வைத்தல் நலம். ஒரே செயலியை மாத்திரம் நம்பியிருத்தலும் கூடாது. உலகமெங்கும் பயின்ற ஸ்கைப்பே 2025 ஆம் ஆண்டு மே 5 ஆந் திகதி மூடப்பட்டது. உறவினரின் தொலைபேசி எண்களைத் தாளிலும் எழுதி வைப்பவர் அத்தகைய நாளிலே கலங்கமாட்டார்.

ஓவியர் செய்த பிழையையும் நினைவிற் கொள்ளுதல் நன்று. இலங்கையில் மாலை 7 மணி என்றால், குளிர்காலத்திலே இலண்டனில் நண்பகல் ஒன்றரை, ரொறன்ரோவில் காலை எட்டரை. கோடையிலே இரண்டு நகரங்களிலும் கடிகாரம் ஒரு மணி முன்னே செல்லும். மகன் வேலைக்குப் புறப்படும் நேரம் எது, தாய் உறங்கும் நேரம் எது என்று இரு பக்கமும் பேசி, கிழமையில் ஒரு நாளையும் ஒரு வேளையையும் நிச்சயித்துக்கொள்வது சாலச் சிறந்தது. அந்த வேளை தவறாதிருந்தால், முதியவர் அன்று முகங்கழுவி, கண்ணாடியைத் துடைத்து, வெளிச்சமான இடத்திலே வந்து அமர்ந்திருப்பார்.