கேட்டபின் பேசிய கருவிகள்: லினக்ஸ் கணிப்பொறியும் தொலைபேசிவழி இணைய இணைப்பும்

மொழி வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் மாந்தர் பேச்சையே கருத்திற் கொள்வர். கருவியொன்று மற்றொரு கருவியோடு உரையாடத் தொடங்கியபோது அவ்வுரையாடலுக்கான சொற்களையும் மாந்தரே ஆக்கித் தந்தனர். அச்சொற்களைப் பயனாளர் ஒவ்வொருவரும் தம் கையாலேயே எழுதிப் பழக நேர்ந்த காலமும் ஒன்று இருந்தது. 1990-களில் லினக்ஸ் கணிப்பொறியைத் தொலைபேசிக் கம்பியின் வழியாக இணையத்தோடு இணைத்தோரின் வரலாறு அத்தகையது. மேலோட்டமாகக் காண்போர்க்கு அது மென்பொருள் நிறுவிய கதை. உள்ளே புகுந்து நோக்கின், எழுதியவர் முகம் அறியாது, எழுதப்பட்ட சொல்லை மட்டும் நம்பிப் பின்பற்றிய வாசகர்களின் கதையாகவே அது விளங்கும்.

கம்பிக்கு ஏற்ற நெறி

தொலைபேசிக் கம்பி மாந்தர் குரலுக்கென அமைந்தது. கணிப்பொறியின் எண்களை ஒலியாக்கி அனுப்பவும், வந்த ஒலியை மீண்டும் எண்களாக்கவும் மோடம் என்னும் இடைக்கருவி வேண்டியிருந்தது. 1981-இல் வெளிவந்த ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் நொடிக்கு 300 பிட் வேகத்தில் இயங்கியது. 'ஏ.டி.' என்னும் இரண்டு எழுத்துகளில் தொடங்கும் ஆணையை அனுப்பினால் அது தானே தொலைபேசி எண்ணை அழைக்கும். 'கவனி' எனப் பொருள்படும் ஆங்கிலச் சொல்லின் சுருக்கமே அவ்விரண்டு எழுத்துகள். பின்வந்த மோடங்களுட் பெரும்பாலானவை அந்த மொழியையே ஏற்றன. 1994-இல் வி.34 தரம் 28,800 பிட் வேகத்தையும், 1998-இல் வி.90 தரம் 56,000 என்னும் உச்சவரம்பையும் எட்டின.

ஆனால் கம்பியில் எண்கள் ஓடுவது மட்டும் போதாது. எங்கே ஒரு செய்தி தொடங்குகிறது, எங்கே முடிகிறது என்பதை இருபுறமும் ஒருபடித்தாக அறிதல் வேண்டும். 1984-இல் ரிக் ஆடம்ஸ் யூனிக்ஸ் முறைமையில் செயற்படுத்திய 'ஸ்லிப்' என்னும் நெறி இதற்கான எளிய வழி. 1988-இல் அதனை விளக்கி வெளிவந்த ஆர்.எஃப்.சி. 1055 என்னும் ஆவணம், இது தரநெறி அன்று எனத் தன் தலைப்பிலேயே ஒப்புக்கொண்டது. பிழை காணும் வழியோ, இணைய முகவரியைக் கேட்டுப் பெறும் வழியோ அதில் இல்லை. சேவை நிலையத்துக் கணிப்பொறி திரையில் காட்டும் முகவரியைப் பயனாளரோ அவர் எழுதிய நிரலோ படித்து எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது. இக்குறைகளை நீக்கப் பிறந்ததே பி.பி.பி. என்னும் நெறி. 1989-இல் முதல் வடிவம் கண்ட அது, 1994 ஜூலையில் ஆர்.எஃப்.சி. 1661-ஆக நிலைபெற்றது.

அவ்வாண்டு மார்ச் மாதத்திற்றான் லினக்ஸின் 1.0 பதிப்பும் வெளிவந்தது. ஹெல்சிங்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் தொடங்கிய அம்முயற்சிக்கு வலைத்தொடர்பு ஆற்றலைத் தந்தவர்கள் பல நாட்டினர். ராஸ் பைரோ தொடங்க, நெதர்லாந்தின் ஃபிரெட் வான் கெம்பன் வளர்க்க, வேல்ஸ் நாட்டு ஸ்வான்சியிலிருந்து ஆலன் காக்ஸ் சீர்படுத்தினார். அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் தோன்றிய பி.பி.பி.டி. என்னும் இணைப்பு நிரலை லினக்ஸுக்குக் கொணர்ந்தவர்கள் மைக்கேல் காலஹனும் ஆல் லாங்இயரும் ஆவர். ஆஸ்திரேலியாவின் கான்பெராவிலிருந்து பால் மக்கெராஸ் அதனை நெடுங்காலம் பேணினார்.

வழிகாட்டி நூல்களின் பணி

அன்று லினக்ஸை நிறுவுதல் நெகிழ்வட்டுகளின் அடுக்கோடு தொடங்கியது. 1993-இல் பாட்ரிக் வோல்கெர்டிங் வெளியிட்ட ஸ்லாக்வேர் தொகுப்பில், வலைத்தொடர்பு மென்பொருள் 'என்' என்னும் எழுத்திட்ட வட்டு வரிசையில் இருந்தது. அடுத்து, முறைமையின் கருவைப் பி.பி.பி. ஆதரவோடு மீண்டும் தொகுக்க வேண்டிய நிலை பலருக்கு ஏற்பட்டது. நீண்ட வினாப்பட்டியலுக்கு விடையளித்துவிட்டுப் பழைய பொறிகளில் மணிக்கணக்காய்க் காத்திருப்பதே அப்பணி. பின்னர் மோடம் எந்தத் தொடர்முனையில் உள்ளது என அறிதல், பெயர் தேடும் பொறியின் முகவரியை அதற்குரிய கோப்பில் எழுதுதல், பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பிறர் படிக்க இயலாத கோப்பில் வைத்தல் என வேலைகள் தொடர்ந்தன.

இதில் ஒரு முரண் இருந்தது. இணைப்புக்கு வழி கேட்க இணைப்பு வேண்டும். அஃது இல்லாதவர்க்குத் துணை நின்றவை வட்டுகளோடு வந்த வழிகாட்டிகளே. ஓலாஃப் கிர்க் எழுதிய வலை மேலாளர் கையேடும், ராபர்ட் ஹார்ட் எழுதிய பி.பி.பி. செய்முறை விளக்கமும் அவற்றுள் குறிப்பிடத்தக்கவை. கிர்க்கின் நூல் 1995-இல் அச்சில் விலைக்கு வந்தது. எனினும் மின்னுருவில் யாவர்க்கும் கட்டணமின்றியே கிடைத்தது. தெரிந்ததை முறைப்பட எழுதி வைத்தல் நிரல் எழுதுவதற்கு ஒப்பான தொண்டு என்று அவ்வட்டத்தினர் கருதினர்.

உரையாடல் ஏடு

பயனாளர் எழுத வேண்டிய ஏடுகளுள் இலக்கிய அன்பர்களைக் கவரக்கூடியது 'சாட்' என்னும் சிறு நிரலுக்கான உரையாடல் ஏடு. அதன் இலக்கணம் எளிது: முதலில் எதிர்பார்க்க வேண்டிய சொல், அடுத்துச் சொல்ல வேண்டிய சொல். மோடம் 'சரி' என்றால் எண்ணைச் சொல். 'இணைந்தது' என்றால் காத்திரு. பெயர் கேட்டால் பெயரைச் சொல். கடவுச்சொல் கேட்டால் அதனைச் சொல். கேட்ட பின்னரே பேச்சு. முந்திச் சொன்ன சொல் வீண்.

மறுமுனை பெயர் கேட்கும் 'லாகின்' என்னும் ஆங்கிலச் சொல், நிலையத்துக்கு நிலையம் பெரிய எழுத்திலோ சிறிய எழுத்திலோ தொடங்கக்கூடும். ஆகவே வழிகாட்டிகள் முதலெழுத்தை விட்டுவிட்டு எஞ்சிய பகுதியை மட்டும் எதிர்பார்க்குமாறு கற்பித்தன. கடவுச்சொல் கேட்கும் சொல்லுக்கும் அவ்வாறே. தலையெழுத்து நீங்கிய அச்சொற்கள் பல நாட்டுக் கணிப்பொறிகளில் ஒரே வடிவில் எழுதப்பட்டிருந்தன. புதியவர்க்கு அவை எழுத்துப்பிழையாகத் தோன்றும். அவற்றின் காரணம் வழிகாட்டியைப் பொறுமையாகப் படித்தவர்க்கே விளங்கும்.

புரியாத எழுத்தும் எதிரொலியும்

கடவுச்சொல் ஏற்கப்பட்டவுடன் திரையில் அலைக்குறியும் அடைப்புக்குறிகளும் வியப்புக்குறிகளுமாய்ப் பொருளற்ற எழுத்துகள் தோன்றும். கம்பி பழுதுற்றது எனக் கருதி இணைப்பைத் துண்டித்தவர் பலர். உண்மை நேர்மாறானது. மறுமுனை பி.பி.பி. மொழியில் பேசத் தொடங்கிவிட்டது என்பதன் அடையாளமே அது. செய்தியின் எல்லையைக் காட்டும் பைட், திரையில் அலைக்குறியாகத் தெரிகிறது. அதனைக் கண்டவுடன் மோடத்தைத் துண்டிக்காமல் விலகி, பி.பி.பி.டி. நிரலை இயக்குமாறு ஹார்ட்டின் வகையைச் சேர்ந்த வழிகாட்டிகள் அறிவுறுத்தின. பிதற்றலாகத் தோன்றியதே அழைப்பாக இருந்தது.

அதன்பின் நிகழ்வது ஓர் உடன்படிக்கை. ஒரு பொறி தன் விருப்பங்களைக் கேட்கும். மற்றது மூன்றில் ஒரு விடை அளிக்கும்: ஏற்கிறேன், இம்மதிப்பு வேண்டா, இன்ன மதிப்பாயின் ஏற்பேன், இக்கோரிக்கையே எனக்குத் தெரியாது, விட்டுவிடு. இருவரும் ஒருவர்க்கொருவர் இணங்கும்வரை ஒரு செய்தியும் கடக்காது. இணங்கிய பின்னர் முகவரியும் இவ்வாறே வழங்கப்படும்.

இவ்வுடன்படிக்கையில் 'மாய எண்' என ஒன்று உண்டு. ஒவ்வொரு முனையும் தற்செயலாக ஓர் எண்ணைத் தேர்ந்து அனுப்பும். தான் அனுப்பிய எண்ணே மீண்டும் மீண்டும் திரும்பி வருமாயின், மறுபுறத்தில் எவரும் இல்லை. கேட்பது தன் குரலின் எதிரொலியே. பி.பி.பி.டி. அப்போது 'கம்பி தன்னிடமே திரும்புகிறது' என்னும் பொருள்பட ஒரு வரியைப் பதிவேட்டில் எழுதி நின்றுவிடும். பெரும்பாலும் காரணம் கம்பியில் இராது. மறுமுனை இன்னும் பெயரையோ ஆணையையோ எதிர்பார்த்து நிற்க, இம்முனை முந்திப் பேசியிருக்கும். வந்த எழுத்துகளை அது அப்படியே திருப்பி அனுப்பியிருக்கும். உரையாடல் ஏட்டில் ஒரு சொல் விடுபட்டது என்பதே அதன் பொருள்.

கட்டணமும் மறைபொருளும்

இவ்வறிவு இருந்தும் வாயில் எல்லார்க்கும் ஒருபடித்தாகத் திறக்கவில்லை. இந்தியாவில் விதேஷ் சஞ்சார் நிகம் நிறுவனம் 1995 ஆகஸ்ட் 15 அன்று பொதுமக்களுக்கான இணையச் சேவையைத் தொடங்கியது; சென்னையும் தொடக்க நகரங்களுள் ஒன்று. எழுத்து மட்டுமே காட்டும் ஷெல் கணக்கு குறைந்த கட்டணத்திலும், பயனாளரின் பொறியையே இணையத்தின் உறுப்பாக்கும் கணக்கு பன்மடங்கு கட்டணத்திலும் கிடைத்தன. பிற நாடுகளிலும் இத்தகைய வேறுபாடு நிலவியது. அதனைக் கடக்க 1995-இல் டேனி காஸ்பரோவ்ஸ்கி 'ஸ்லர்ப்' என்னும் நிரலை எழுதினார். ஷெல் கணக்கில் சாதாரணப் பயனரின் உரிமையோடு இயங்கிக்கொண்டே, அது மறுமுனைக்கு ஸ்லிப்பாகவோ பி.பி.பி.யாகவோ விடையளித்தது.

1990-களின் பிற்பகுதியில் வேறொரு தடை எழுந்தது. விலையைக் குறைக்கும் பொருட்டு, மோடத்தின் பணிகளைக் கணிப்பொறியின் மென்பொருளிடமே ஒப்படைத்த அட்டைகள் சந்தைக்கு வந்தன. அவற்றுட் பல விண்டோஸ் முறைமைக்கென மட்டுமே ஆனவை. அவற்றை இயக்கும் முறையைச் செய்தோர் வெளியிடாமையால், லினக்ஸ் பயனாளரின் உரையாடல் ஏடு முதற்சொல்லிலேயே நின்றது. 'கவனி' என்று அழைத்தும் விடையில்லை. ஒரு கருவியைச் சொந்தமாக வாங்கியவர்க்கு அதனோடு பேசும் மொழி மறுக்கப்படலாம் என்பதை அவ்வட்டத்தினர் அன்று நேரிற் கண்டனர்.

எஞ்சியது

பின்னர் எளிமை வந்தது. கே.டி.ஈ. திரைமுகத்தின் கே.பி.பி.பி., கனடாவின் ஏவரி பென்னரன், டேவ் கூம்ப்ஸ் ஆகியோரின் வி.வி.டயல் போன்ற கருவிகள், எண்ணையும் பெயரையும் கடவுச்சொல்லையும் மட்டும் பெற்று எஞ்சியவற்றைத் தாமே செய்தன. மறுமுனை என்ன கேட்கிறது என்பதை வி.வி.டயல் தானே ஊகித்தறிந்தது. மூன்றிரவு விழித்துச் செய்த வேலை மூன்று நிமிடத்தில் முடிந்தது. அதனைக் குறை கூறுதல் நேர்மையன்று. ஆயிரக்கணக்கானோர்க்கு அதுவே வாயில். எனினும், பிழை நேர்ந்தவிடத்து அதன் பெயரைச் சொல்ல வல்லார் குறைந்தனர் என்பதும் மறுக்க இயலாதது.

தொலைபேசியில் எண்ணைச் சுழற்றி இணையும் வழக்கம் பெரும்பாலும் மறைந்தது. பி.பி.பி. மறையவில்லை. 1999-இல் ஆர்.எஃப்.சி. 2516 வகுத்த முறையில் அது அகன்ற அலைவரிசை இணைப்புகளுக்குள் புகுந்தது. இன்றும் பல வீடுகளின் ஒளியிழை இணைப்பு அந்நெறியின் வழியே பெயரும் கடவுச்சொல்லும் சொல்லி நுழைகிறது. கைப்பேசி வலைக்கான மோடங்களும் 'ஏ.டி.' என்னும் பழைய அழைப்புக்குச் செவிசாய்க்கின்றன. ஸ்லர்ப்பின் நிரல் மெய்நிகர் பொறிகளுக்கு இணையம் தரும் பணியில் மறுவாழ்வு பெற்றது.

சொல்ல விரும்புவது மறுமுனையின் மொழியில் அமையவேண்டும். அது கேட்கும்வரை பொறுத்திருக்க வேண்டும். திரும்பி வருவது விடையா, தன் குரலின் எதிரொலியா எனத் தேர்ந்தறிய வேண்டும். ஒரு மோடத்தையும் சில எழுத்துக் கோப்புகளையும் வைத்துக்கொண்டு இரவெல்லாம் அமர்ந்தவர்கள் கற்றது இவ்வளவே. அதனைக் கற்பித்தவர்கள் எழுதிவைத்துவிட்டுச் சென்றதனாலேயே, வழி கேட்க எவருமில்லாத வீட்டிலும் அந்த அழைப்புக்கு விடை கிடைத்தது.