நார்தர்ன் ராக் வங்கி: கலைப்பு எந்த ஆண்டில் தொடங்கியது?

நார்தர்ன் ராக் வங்கியின் வீட்டுக்கடன்கள் கைமாறிய வரலாற்றை எழுதுவோர், பிரிட்டனின் தேசியத் தணிக்கை அலுவலகம் 2016 ஜூலையில் வெளியிட்ட அறிக்கையைத் தவிர்க்க முடியாது. 2015 நவம்பர் 13 அன்று, வங்கி தன் வீட்டுக்கடன்களைப் பத்திரமாக்கி வைத்திருந்த கிரானைட் தொகுப்பு உள்ளிட்ட கடன்களைச் செர்பரஸ் என்ற அமெரிக்க முதலீட்டு நிறுவனத்துக்கு 1,300 கோடி பவுண்டுக்கு விற்பதாக அரசு அறிவித்தது. கணக்கேட்டு மதிப்பைவிட 28 கோடி பவுண்டு கூடுதல் என்றும் சொன்னது. தணிக்கை அறிக்கை இந்த விற்பனையை ஆராய்ந்து, மக்கள் பணத்துக்கு உரிய மதிப்பு கிடைத்தது என்று முடித்தது.

அந்தக் கணக்கில் எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. வேறுபாடு கணக்கின் தொடக்கப் புள்ளியில். கையில் இருக்கும் கடன்களை வைத்திருந்தால் என்ன கிடைக்கும், விற்றால் என்ன கிடைக்கும் என்று ஒப்பிடுவது விற்பனை நாளில் நின்று பார்ப்பது. அந்தக் கடன்கள் ஏன் அந்த நிலையில், அந்த மனிதர்களிடம் மிஞ்சியிருந்தன என்ற கேள்வி அங்கே எழுவதில்லை. அந்த அறிக்கையை ஒட்டி எழுதுபவர்களும், வங்கியின் கழிவுப் பகுதியை மேற்பார்க்க யூகேஏஆர் நிறுவனம் அமைக்கப்பட்ட 2010 அக்டோபரையே கலைப்பின் தொடக்கமாகக் கொள்கிறார்கள். கலைப்பு 2008 மார்ச்சிலேயே தொடங்கிவிட்டது என்பது என் வாதம்.

2008 பிப்ரவரி 22 அன்று வங்கி நாட்டுடைமையானது. அடுத்த மாதமே வகுக்கப்பட்ட திட்டத்தின் முதல் நோக்கம், அரசுக்குத் தரவேண்டிய கடனை வேகமாக அடைப்பது. அதற்கான வழி, நிலையான வட்டிக்காலம் முடியும் வாடிக்கையாளரை வேறு வங்கிக்கு அனுப்பிவைப்பது. போட்டிக்கு நிற்கக்கூடிய புதிய வட்டியை வங்கி அவர்களுக்குத் தரவில்லை. திட்டம் பலித்தது: 2007 முடிவில் 2,690 கோடி பவுண்டாக இருந்த அரசுக் கடனின் நிகர நிலுவை ஓராண்டில் 890 கோடியாகக் குறைந்தது. ஆனால் வேறு வங்கி ஏற்றுக்கொள்ளும் தகுதி உடையவர்தான் வெளியேற முடியும். வீட்டின் மதிப்பில் 95%வரை அடமானக் கடனும், அதன் மேல் 30%வரை பிணையில்லாக் கடனும் சேர்ந்த ‘டுகெதர்’ திட்டத்தில் வாங்கியவரை, வீட்டு விலை சரிந்த ஆண்டில் யார் சேர்த்துக்கொள்வார்? மூன்று மாதத்துக்கு மேல் தவணை நிலுவையான கடன்களின் விகிதம் அந்த ஓராண்டில் 0.45%இலிருந்து 2.92% ஆனது. இதில் வேலையிழப்புக்கும் விலைச் சரிவுக்கும் எவ்வளவு பங்கு, தகுதியுள்ளவரை மட்டும் வெளியேறவிட்ட வடிகட்டலுக்கு எவ்வளவு பங்கு என்று பிரித்துக் காட்ட இயலாது. நல்ல கடன்காரர் போகப் போக விகிதம் ஏறும் என்பதில் மட்டும் ஐயமில்லை.

இங்கே ஒரு சிறு ஆவணத்தை நெருங்கிப் பார்க்க விரும்புகிறேன். பிணையில்லாக் கடன் பெற்றவருக்கு ஆண்டுதோறும் போகும் கணக்கு அறிக்கை அது. நுகர்வோர் கடன் சட்டத்தின் 2008இல் நடைமுறைக்கு வந்த விதிகளின்படி, முதலில் வாங்கிய தொகை அதில் இருக்க வேண்டும். அந்த ஒரு வரி விடுபட்டிருந்தது. விடுபட்ட காலத்துக்கு வட்டி கேட்க வங்கிக்கு உரிமையில்லை. 2012 டிசம்பரில் பிழை வெளிப்பட்டபோது பாதிக்கப்பட்டவர் 1,52,000 பேர். திருப்பித் தர ஒதுக்கிய தொகை 27 கோடி பவுண்டு. 25,000 பவுண்டுக்கு மேற்பட்ட கடன்களுக்கும் இது பொருந்துமா என்ற வழக்கில் 2014இல் உயர்நீதிமன்றம் பொருந்தும் என்றது. 2015இல் மேல்முறையீட்டில் அது மாறியது.

வார்ப்புப் படிவத்தைத் திருத்த மறந்த எழுத்தர் பிழை என்று இதைக் கடந்துவிடலாம். நான் கடக்க மறுக்கிறேன். கடன்காரரைத் தக்கவைக்க விரும்பும் வங்கி அவருக்கு அனுப்பும் தாளைப் படித்துப் பார்க்கும். கணக்கை முடிப்பதே வேலையான வங்கியில் அந்தத் தாளைப் படிக்க யாருக்கும் காரணமில்லை. சான்று மெல்லியதுதான். ஆனால் விதி நடைமுறைக்கு வந்த காலமும், வாடிக்கையாளரை வெளியே அனுப்பிய காலமும் ஒன்றே.

அந்த வடிகட்டலின் விளைவு விற்பனை விலையில் தெரிகிறது. 2009 மார்ச் 5 அன்று பாங்க் ஆஃப் இங்கிலாந்தின் அடிப்படை வட்டி 0.5% ஆனது. நார்தர்ன் ராக்கின் பழைய கடன்களுக்கான மாறும் வட்டியோ 4.79% ஆக இருந்தது. 2014 ஏப்ரலில் கடுமையான வருமானச் சோதனை விதிகள் வந்தபின் இடம்மாறுவது இன்னும் அரிதானது. தவறாமல் தவணை கட்டுபவர், வேறெங்கும் போக முடியாதவர், சந்தையைவிடக் கூடுதல் வட்டி தருபவர்: வாங்குவோருக்கு இதைவிட நல்ல கடன் எது? கிரானைட் கடன்களெல்லாம் அந்த வட்டியில் இருந்ததாக நான் சொல்லவில்லை. ஆனால் அந்த 28 கோடியில் ஒரு பகுதியேனும் இவர்களின் சிறையிருப்புக்கான விலை என்பதை மறுப்பது கடினம். புதிய கடன் தராத நிறுவனங்களிடம் இப்படிச் சிக்கியவர்களை நிதி நடத்தை ஆணையம் 2021இல் 47,000 என மதிப்பிட்டது. அவர்கள் எல்லோரும் நார்தர்ன் ராக்கிலிருந்து வந்தவர்கள் அல்லர்.

என் காலவரிசையிலும் ஒரு முடிச்சு உண்டு. வெளியேற்றும் கொள்கை எப்போது முடிந்தது? கடன் தொகுப்பை வேகமாகக் குறைக்க வேண்டியதில்லை என்று கருவூலம் 2009 ஜனவரி 19 அன்று அறிவித்தது. 1,400 கோடி பவுண்டு வரை புதிய கடன் தரும் திட்டம் பிப்ரவரி 23 அன்றுதான் வந்தது. ஜனவரியை எடுத்தால் பத்து மாதம், பிப்ரவரியை எடுத்தால் பதினொன்று. முதல் அறிவிப்பு வேகத்தைத்தான் நிறுத்தியது, திசையை அல்ல என்பதால் நான் பிப்ரவரியின் பக்கம் சாய்கிறேன். எனினும் புதிய கடன்கள் 2010 ஜனவரி 1இல் பிரித்த நல்ல வங்கிக்குப் போயின. 2011 நவம்பரில் விர்ஜின் மணி அதை வாங்க ஒப்பந்தம் செய்தது. ஏற்கெனவே வடிகட்டப்பட்டு நின்றவர்களுக்குக் கொள்கை மாறியதா என்றால், இந்த இரண்டு நாள்களில் எதுவும் அவர்களுக்கு முடிவுநாள் அல்ல என்றும் வாதிடலாம். அப்படியானால் கலைப்பின் எல்லை, கடைசிக் கடன்கள் விற்கப்பட்ட 2021 பிப்ரவரி வரை நீளும்.