ஃபார்முலா 1 செலவு உச்சவரம்பு

ஃபார்முலா 1 அணிகளின் ஆண்டுச் செலவுக்கு, பன்னாட்டு வாகனக் கூட்டமைப்பான எஃப்ஐஏ விதித்துள்ள எல்லை. 2021இல் நடைமுறைக்கு வந்தது. முதலில் 17.5 கோடி டாலர் என முடிவாகியிருந்த தொகை, கொரோனா முடக்கத்தில் வருமானம் சரிந்ததும் 14.5 கோடியானது. 2022இல் 14 கோடி, 2023இல் 13.5 கோடி என அது மேலும் இறங்கியது. பணவீக்கத்துக்கும் பந்தயங்களின் எண்ணிக்கைக்கும் ஏற்ப அதில் திருத்தம் உண்டு.

வரம்பில்லாத காலத்தில் கார் நிறுவனங்கள் பணத்தை வாரி இறைத்தன. பொருளாதார நெருக்கடி வந்ததும் விலகின. 2008 இறுதியில் ஹோண்டா வெளியேறியது. மறு ஆண்டு பிஎம்டபிள்யூவும் டொயோட்டாவும் பின்தொடர்ந்தன. ஹோண்டா கைவிட்ட அணியை அதன் தலைவராக இருந்த ராஸ் பிரான் பெயரளவில் ஒரு பவுண்டுக்கு வாங்கினார். அந்த அணியே 2009இல் ஓட்டுநர், அணி ஆகிய இரு பட்டங்களையும் வென்றது வேடிக்கை.

ஓட்டுநர் சம்பளம், அதிக ஊதியம் பெறும் மூவரின் சம்பளம், விளம்பரச் செலவு ஆகியவை வரம்புக் கணக்கில் சேர்வதில்லை. எனவே வரம்பு, சொல்லப்படும் அளவுக்கு இறுக்கமானதன்று. 2021 வரம்பை மீறிய ரெட் புல் அணிக்கு 70 லட்சம் டாலர் அபராதமும், காற்றியக்கச் சோதனையில் 10 சதவீதக் குறைப்பும் விதிக்கப்பட்டன. வசதியான அணிக்கு உறைப்பது இரண்டாவதுதான்.