இலேசு என்பது யாருக்கு?

முத்தியால்பேட்டை நண்பர் ஒருவர் பறை பதிவு செய்கிறார். அவரிடம் இருப்பது தமிழ்நாடு அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த மடிக்கணினிகளில் ஒன்று. விழுப்புரத்தில் படித்த தங்கை வாங்கியது. விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்த பெட்டி. பதிவின் நடுவில் 'டக் டக்' என்று ஒலி அறுந்தது. "பெட்டி பழசு, தூக்கிப் போடுங்க" என்றார்கள். இந்தத் தீர்ப்பை நாம் அப்படியே ஏற்கத்தான் வேண்டுமா?

ஒலி துண்டு துண்டாகத்தான் கணினிக்குள் போய்வருகிறது. நொடிக்கு 48,000 மாதிரிகள், 256 மாதிரிக்கு ஒரு துண்டு என்றால், ஒவ்வொன்றையும் முடிக்க சுமார் 5 மில்லிநொடிதான் கெடு. அதற்குள் ஜன்னல்களுக்கு நிழல் பூசுவதும், கேட்காமலே கோப்புகளைப் பட்டியலிடுவதும் குறுக்கே வந்தால் கெடு தவறும். கெடுவை நீட்டலாம், ஆனால் கணினி வழியே கேட்கும் தன் அடியே கைக்குப் பின்னால் வரும். ஆக, டெஸ்க்டாப்பின் அலங்காரம் வெறும் அழகுப் பிரச்சினை அல்ல. யாருடைய வேலைக்கு முன்னுரிமை என்கிற அதிகாரப் பிரச்சினை.

நண்பர் எக்ஸ்எஃப்சிஇ-க்கு மாறினார். 1996இல் ஒலிவியே ஃபூர்தான் என்ற பிரெஞ்சுக்காரர் தொடங்கியது அது. பிரான்சிலிருந்து வந்ததெல்லாம் விடுதலை ஆகிவிடாது என்று இந்த ஊருக்குச் சொல்ல வேண்டியதில்லை. அது நின்ற எக்ஸ்ஃபார்ம்ஸ் என்ற அடித்தளம் அப்போது கட்டற்ற மென்பொருளாக இல்லை. அதனால் ரெட் ஹேட் அதைத் தன் தொகுப்பில் சேர்க்க மறுத்தது. 1999இல் ஜிடிகே-யில் திருப்பி எழுதிய பிறகே வழி திறந்தது. இலேசாக இருந்தால் மட்டும் போதவில்லை.

அப்படியானால் எக்ஸ்எஃப்சிஇ-தான் இறுதி உண்மையா? அதுவும் இல்லை. இசைக்காரர்களையும் மனதில் வைத்து 2007இல் க்னோமுடன் வந்த உபுண்டு ஸ்டூடியோ, 2011இல் எக்ஸ்எஃப்சிஇ-க்குப் போனது; 2020இல் கேடிஈ பிளாஸ்மாவுக்கு மாறியது. பாரம் என்று பெயர் வாங்கிய கேடிஈ அதற்குள் இளைத்திருந்தது. இலேசு என்பது ஒரு பெயருக்குள் உறையும் சாரம் அல்ல. பெட்டிக்கும் வேலைக்கும் காலத்துக்கும் இடையிலான உறவு. டெஸ்க்டாப்பை மாற்றினால் எல்லாம் தீரும் என்பதும் மாயைதான். கெடு தவறாமல் வேலையை முடிக்கவைக்கும் நிகழ்நேர ஏற்பாடு லினக்ஸ் கருவில் முழுமையாகச் சேர 2024 ஆயிற்று.

நண்பர் நிழல்களை அணைத்தார், பட்டியலிடுவதை நிறுத்தினார். அறுபடல் நின்றது. 'பழசு' என்று தள்ளப்பட்ட பெட்டியில்தான் இப்போதும் பறை பதிவாகிறது. எது பழசு என்று முடிவு செய்யும் உரிமையை விற்பவனிடம் விட்டுவிட்டு, பண்பாட்டு அரசியல் பேசி என்ன பயன்?