ஜப்பானிய மோட்டார் சைக்கிளின் தரப்புகழ்: நெய்வேலி மணற்பாறையையும் ஓசூர் ஆலையையும் முன்வைத்து

தமிழ்நாட்டில் இருசக்கர வண்டியைப் பற்றிப் பேசுகிறவர்களிடையே ‘ஜப்பான் இன்ஜின்’ என்ற சொல்லுக்கு மேல் பாராட்டு கிடையாது. உற்பத்தி நின்று கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் யமஹா ஆர்எக்ஸ் 100 வண்டியைத் தேடி வாங்குகிறார்கள். அதிலும் ஜப்பானில் செய்த பாகங்களோடு வந்த முதல் ஆண்டுகளின் வண்டி என்றால் விலை ஏறிவிடுகிறது. இந்தப் புகழுக்குக் காரணம் கேட்டால் கிடைக்கும் விடை பெரும்பாலும் ஒன்றுதான்: ஜப்பானியர்கள் அப்படிப்பட்டவர்கள், உழைப்பு, ஒழுங்கு, பணிவு அவர்கள் இரத்தத்தில் ஊறியவை. பொதுப்பேச்சில் மட்டுமன்றி மேலாண்மைப் பாடநூல்களிலும் இந்த விளக்கம் வேறு சொற்களில் வருகிறது. இதை ஏற்க இயலாது என்பதே இக்கட்டுரையின் வாதம். தரம் என்பது உதிரிபாகம் செய்பவர் முதல் பழுதுபார்ப்பவர் வரை நீளும் ஓர் ஏற்பாடு. ஜப்பான் அதைத் தோல்விகளின் வழியே கற்றது, தமிழகமும் கற்றது. ஆலையில் பிறக்கும் தரம், வண்டியோ இயந்திரமோ ஓடும் மண்ணில்தான் மெய்ப்படவும் பொய்ப்படவும் செய்கிறது.

இந்த இரண்டாவது கருத்துக்கு நெய்வேலியே சான்று. அங்கே மோட்டார் சைக்கிள் ஆலை எதுவும் இல்லை. ஆனால் அயல்நாட்டு இயந்திரத்தின் புகழையும் அதன் நடத்தையையும் ஒருங்கே கண்ட தொழிலாளர் ஊர் அது.

நெய்வேலியின் பழுப்பு நிலக்கரிச் சுரங்கத்துக்கு, பிரிட்டனின் பவல் டஃப்ரின் நிறுவனம் 1954-இல் திட்ட அறிக்கை தந்தது. 1956 நவம்பரில் பழுப்பு நிலக்கரிக் கழகம் உருவானது. 1957 மே மாதம் நேரு சுரங்கப் பணியைத் தொடங்கிவைத்தார். 1961-இல் நிலக்கரிப் படிவம் தென்பட்டது. 1962-இல் சோவியத் உதவியுடன் அனல்மின் நிலையம் ஓடத் தொடங்கியது. மேல்மண்ணை அகற்ற, வாளிகள் பூட்டிய சக்கரத்தால் தோண்டும் பக்கெட் வீல் எக்ஸ்கவேட்டர்கள் ஜெர்மனியிலிருந்து வந்தன. ரைன் பகுதியின் நிலக்கரிச் சுரங்கங்களில் பேர் பெற்ற இயந்திரக் குடும்பம் அது. அங்கே மேல்மண் இளகியது. நெய்வேலியில் நிலக்கரிக்கு மேல் கிடந்ததோ கடலூர் மணற்பாறை. கடினமும் உராய்வும் மிகுந்த அந்தப் பாறை, வாளிகளின் பற்களைத் தேய்த்துத் தள்ளியது. பற்களை ஓயாமல் மாற்ற வேண்டியிருந்தது. பாறையை முதலில் துளையிட்டு வெடிவைத்துத் தளர்த்திய பிறகே சக்கரத்தை இறக்கும் முறை வந்தது. பற்களின் உலோகமும் அவற்றின் மேல் பற்றவைக்கும் கடினப் பூச்சும் மாறின. படிவத்துக்கு அடியிலிருந்து அழுத்தத்தோடு மேலெழும் ஊற்றுநீரை இரவு பகலாக இறைப்பது தனிப் போராட்டம்.

இதைப் பார்த்து ஜெர்மன் இயந்திரம் தரமற்றது என்று எவரும் சொல்லமாட்டார்கள். அது வேறொரு மண்ணுக்காகத் தரமாகச் செய்யப்பட்டது. இந்த மண்ணுக்கான தரத்தைப் பணிமனைகளில் ஃபிட்டரும் வெல்டரும் பொறியாளரும் சேர்ந்து, பல்லுக்குப் பல் உருவாக்கினார்கள். தரவியலாளர் ஜோசப் ஜுரான் பயன்பாட்டுக்குப் பொருந்துவதே தரம் என்று வரையறுத்தார். அவர் ஜப்பானில் விரிவுரையாற்றியது 1954-இல், நெய்வேலித் திட்ட அறிக்கை வந்த அதே ஆண்டில். அந்த வரையறையை நெய்வேலித் தொழிலாளி பாறையிடம் கற்றான்.

இனி ஜப்பானுக்கு வருவோம். ஹோண்டா நிறுவனம் 1948-இல் ஹமமட்சுவில் தொடங்கியது. சுசுகி அதே பகுதியில் நெசவுத்தறி செய்துகொண்டிருந்த நிறுவனம். 1952-இல் மிதிவண்டியில் பூட்டும் இன்ஜினோடு இத்தொழிலுக்குள் வந்தது. யமஹா இசைக்கருவி ஆலையிலிருந்து 1955-இல் பிரிந்து வந்தது. அதன் முதல் வண்டியான ஒய்ஏ-1, ஜெர்மனியின் டிகேடபிள்யூ ஆர்டி 125 வண்டியை முன்மாதிரியாகக் கொண்டது. கவாசாகி உள்ளிட்ட நான்கு பெரும் நிறுவனங்களில் மூன்று ஒரே வட்டாரத்தில் பிறந்தது தற்செயல் அல்ல. கடைசல் பட்டறையும் வார்ப்படக்கூடமும் அளவெடுத்துச் செய்யும் கைகளும் அங்கே ஏற்கெனவே இருந்தன. 1950-களில் ஜப்பானில் நூற்றுக்கும் மேற்பட்டோர் மோட்டார் சைக்கிள் செய்தார்கள், பெரும்பாலோர் அழிந்தார்கள். தேசிய குணம்தான் தரத்தைத் தந்தது என்றால், அழிந்துபோனவர்களும் ஜப்பானியர்களே என்பதை எப்படி விளக்குவது?

ஹோண்டாவின் அமெரிக்க அனுபவம் இன்னும் தெளிவான சான்று. 1959-இல் லாஸ் ஏஞ்சலஸில் கடை திறந்தார்கள். அடுத்த ஆண்டே பெரிய வண்டிகளில் ஆயில் கசிந்தது, கிளட்ச் கைவிட்டது. ஜப்பானில் ஓட்டியதைவிட நெடுந்தூரமும் வேகமும் மிகுந்த ஓட்டத்துக்கு அந்த வண்டிகள் செய்யப்படவில்லை. பழுதான வண்டிகளை விமானத்தில் ஜப்பானுக்கு அனுப்பி, ஆய்வுக்கூடத்தில் அதே நிலைமையை உண்டாக்கிச் சோதித்து, ஹெட் கேஸ்கெட்டையும் கிளட்ச் ஸ்பிரிங்கையும் சுமார் ஒரு மாதத்தில் மாற்றி வடிவமைத்தார்கள். கலிபோர்னியாவின் நெடுஞ்சாலை ஹோண்டாவுக்குச் செய்ததும், மணற்பாறை ஜெர்மன் இயந்திரத்துக்குச் செய்ததும் ஒன்றுதான். வேறுபாடு, பழுதின் செய்தி வடிவமைத்தவரின் மேசைக்குப் போய்ச் சேர்ந்த வேகத்தில் இருந்தது.

கட்டுமானத் தரம் என்று ஓட்டுபவர் உணர்வதன் உள்ளே என்ன இருக்கிறது? உலோகத்தின் பருமன் அல்ல. எடையைப் பார்த்தால் புல்லட்டும் ராஜ்தூத்தும் ஜப்பானிய நூறு சிசி வண்டிகளைவிடக் கனமானவை. ஆயிரமாவது பிஸ்டன் முதல் பிஸ்டனைப் போலவே இருப்பதுதான் அந்தத் தரத்தின் உள்ளடக்கம். பிஸ்டனுக்கும் சிலிண்டருக்கும் இடையே விடப்படும் இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் நூறில் சில பங்கு. அது கூடினால் சத்தமும் புகையும். குறைந்தால் சூட்டில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பாகங்களின் அளவு ஏறியிறங்கும்போது, பொருத்துகிற தொழிலாளி அரத்தால் தேய்த்தோ, பொருந்துகிற ஜோடியைப் பொறுக்கியோ சமாளிக்க வேண்டும். ஏற்ற இறக்கத்தைப் பிறக்கும் இடத்திலேயே அடக்கிவிட்டால் பொருத்துவது வெறும் பூட்டுகிற வேலையாகிவிடும். 1950-இல் ஜப்பானிய அறிவியலாளர் பொறியாளர் சங்கத்தின் அழைப்பில் எட்வர்ட்ஸ் டெமிங் கற்பித்த புள்ளியியல் கட்டுப்பாட்டின் சாரம் இதுவே. மறு ஆண்டு அவர் பெயரில் பரிசும் நிறுவப்பட்டது.

இதனுடன் வடிவமைப்பும் சேர்ந்துகொண்டது. பிரிட்டிஷ் இன்ஜின்களின் கிராங்க்கேஸ் பெரும்பாலும் செங்குத்தாக இரு பாதியாகப் பிளந்தது. இணைப்புக்கோடு ஆயிலுக்குள் இறங்கும், கசியும். ஹோண்டா தன் இரட்டைச் சிலிண்டர் வண்டிகளில் அதைக் கிடைமட்டமாகப் பிளந்தது. இணைப்பு ஆயில் மட்டத்துக்கு மேலே போய்விட்டதால் கசிய வழியில்லை. இதற்குத் துல்லியமான வார்ப்பும், வார்ப்பைச் சீராகக் கடையும் எந்திரங்களும் வேண்டும். அவை விலை மிக்கவை. 1969-இல் வந்த சிபி 750-இன் முதல் சில ஆயிரம் வண்டிகளுக்குக்கூட, விற்பனை குறைவாக இருக்கும் என்று எண்ணி, கிராங்க்கேஸை மலிவான அச்சுகளில்தான் வார்த்தார்கள். ஆர்டர் குவிந்த பின்னரே அழுத்த வார்ப்புக்கு மாறினார்கள். தொகை பெருகினால்தான் நல்ல அச்சுக்குச் செலவிட முடியும். நல்ல அச்சு இருந்தால்தான் பாகம் ஒன்றுபோல் வரும். இந்தப் பொருளாதாரத்தைத் தேசிய குணம் என்ற பேச்சு முழுவதுமாக மறைத்துவிடுகிறது.

இந்தியாவுக்கு இந்த ஏற்பாடு வந்த ஆண்டுகள் நன்கு அறியப்பட்டவை. 1984-இல் ஓசூரில் டிவிஎஸ்-சுசுகி கூட்டில் இண்ட்-சுசுகி ஏஎக்ஸ் 100, 1985-இல் தாருஹேராவில் ஹீரோ ஹோண்டா சிடி 100, அதே ஆண்டு எஸ்கார்ட்ஸ் செய்த யமஹா ஆர்எக்ஸ் 100, பின்னர் பஜாஜின் கவாசாகி. அதுவரை சாலையில் பெரும்பாலும் இருந்தவை திருவொற்றியூரின் புல்லட், செக் நாட்டு ஜாவாவின் வழிவந்த மைசூரின் யெஸ்டி, போலந்து வடிவமான ராஜ்தூத். ராஜ்தூத்தில் பெட்ரோலுடன் ஆயிலைக் கலந்து ஊற்ற வேண்டும். பற்றவைப்பின் பாயிண்ட் தேய்ந்தால் காலையில் உதைத்து உதைத்துக் கால் ஓயும். ஆர்எக்ஸ் 100-இல் ஆயிலுக்குத் தனித் தொட்டி, தானே அளந்து செலுத்தும் பம்ப், பாயிண்ட்டே இல்லாத மின்னணுப் பற்றவைப்பு. மூன்று ஷிப்டு ஓடும் ஊரில், அதிகாலைச் சங்குக்கு முன் வேலைக்குப் புறப்பட வேண்டியவருக்கு, முதல் உதையில் கிளம்பும் வண்டியின் பொருள் என்னவென்று விளக்க வேண்டியதில்லை.

அடுத்து வந்ததுதான் வரலாற்றாசிரியர்கள் போதிய அளவு கவனிக்காத கட்டம். 1985 செப்டம்பரில், டாலரின் மதிப்பைக் குறைப்பதற்கான பிளாசா ஒப்பந்தம் கையெழுத்தானது. டாலருக்கு ஏறத்தாழ 240 என்றிருந்த யென், ஓராண்டுக்குள் 150-ஐ ஒட்டி வந்தது. ஜப்பானிலிருந்து இறக்கிய ஒவ்வொரு பாகத்தின் விலையும் ஏறியது. உள்நாட்டுப் பாகங்களைப் படிப்படியாகக் கூட்ட வேண்டும் என்ற அரசின் நிபந்தனை ஒருபுறம், யென் மறுபுறம்; கூட்டு நிறுவனங்கள் உள்ளூர்ப் பாகங்களை நோக்கித் தள்ளப்பட்டன. பாடி, அம்பத்தூர், ஓசூர்ப் பட்டறைகள் ஜப்பானிய வரைபடத்தையும் ஜப்பானிய அளவெல்லையையும் நிறைவேற்றக் கற்ற காலம் இது. சென்னையைச் சுற்றி லூகாஸ்-டிவிஎஸ், சுந்தரம் ஃபாசனர்ஸ், ரானே குழுமம் போன்ற உதிரிபாக நிறுவனங்கள் 1960-களிலிருந்தோ அதற்கும் முன்பிருந்தோ வேரூன்றியிருந்தன. ஹமமட்சுவுக்கு வாய்த்த அதே வாய்ப்பு இது.

ஆகவே ஜப்பானில் செய்த பாகமே உயர்ந்தது என்ற நம்பிக்கையைச் சற்று நிறுத்தி ஆராய வேண்டும். தொடக்க கால உள்ளூர்ப் பாகங்கள் பின்தங்கியிருந்தன என்பதில் உண்மை உண்டு. கற்கும் காலத்தில் அளவு ஏறி இறங்கத்தான் செய்யும். ஆனால் இன்று ஓடும் பழைய ஆர்எக்ஸ் 100 வண்டிகள், பேணத் தெரிந்தவர் கையில் கிடைத்ததால் பிழைத்தவை. பிழைக்காதவை பழைய இரும்புக்குப் போய்விட்டன. அவற்றை யாரும் எண்ணுவதில்லை. பலமுறை சிலிண்டருக்குப் போர் போட்டு, கிராங்க் மாற்றி, கார்புரேட்டர் மாற்றிய வண்டியில் ஜப்பானின் பங்கு எவ்வளவு, விருத்தாசலத்திலோ பண்ருட்டியிலோ இருக்கும் மெக்கானிக்கின் பங்கு எவ்வளவு? ராஜ்தூத் ஆர்டி 350-உம் இங்கே நினைவுகூரத் தக்கது. 1983-இல் வந்த அந்த யமஹா வடிவ வண்டி இன்று சேகரிப்போரின் பொக்கிஷம். விற்பனையில் இருந்தபோதோ, குடிக்கும் பெட்ரோலுக்கும் கேட்ட விலைக்கும் அஞ்சி மக்கள் அதை ஒதுக்கினார்கள். 1989-இல் உற்பத்தி நின்றது. புகழ் பின்னால் வந்தது.

வாதத்தின் வலுவான சான்று ஓசூர்தான். 2001-இல் சுசுகி டிவிஎஸ் கூட்டிலிருந்து விலகியது. ஜப்பானியர் போனால் தரமும் போகும் என்று தேசிய குணக் கோட்பாடு எதிர்பார்க்கும். அதே ஆண்டு டிவிஎஸ் தன் சொந்த வடிவமைப்பில் விக்டர் என்ற நான்கு ஸ்ட்ரோக் வண்டியை இறக்கியது. மறு ஆண்டு, 2002-இல், டிவிஎஸ் நிறுவனத்துக்கு டெமிங் பரிசு கிடைத்தது. தனி நிகழ்ச்சியும் அல்ல: சுந்தரம்-கிளேட்டன் 1998-இல், சுந்தரம் பிரேக் லைனிங்ஸ் 2001-இல், ரானே பிரேக் லைனிங்ஸ் 2003-இல், லூகாஸ்-டிவிஎஸ் 2004-இல் அதே பரிசைப் பெற்றன. உதிரிபாகம் செய்பவர்களும் வண்டி செய்பவரும் ஒரே மாநிலத்தில், ஒரே பத்தாண்டுக்குள் இந்த அளவுகோலில் தேறினார்கள்.

இதற்கு ஒரு மறுப்பு எழலாம். கற்றுக்கொடுத்தது ஜப்பான்தானே, மூலம் அங்கேதானே என்று கேட்கலாம். கடன் உண்மை; அதை ஒப்புவதில் தயக்கம் தேவையில்லை. ஆனால் கற்பிக்கக்கூடியது எதுவும் பிறவிக்குணம் ஆகாது. ஜப்பானும் அதன் ஒரு பகுதியை அமெரிக்கரிடம் கற்றது. மேலும், அந்த ஒழுங்கு கைவிட்டால் போய்விடும். 2024 ஜூனில் யமஹா, ஹோண்டா, சுசுகி உள்ளிட்ட ஐந்து நிறுவனங்கள் வாகனச் சான்றிதழ்ச் சோதனைகளில் முறைகேடு செய்ததை ஜப்பானிய அரசு வெளியிட்டது. காவல் தளர்ந்த இடத்தில் ஜப்பானியரும் மற்றவரும் ஒன்றே.

நெய்வேலியைச் சுற்றியுள்ள சாலைகளில் மற்றொரு சான்று தினமும் ஓடுகிறது. பண்ருட்டிப் பலாவையும் முந்திரி மூட்டையையும் சுமந்து செம்மண் பாதையில் போகும் டிவிஎஸ் மொபெட்டைச் சொல்கிறேன். 1980-இல் வந்த டிவிஎஸ் 50, சுசுகியோடு கைகோப்பதற்கு முந்தியது. ‘ஜப்பான் இன்ஜின்’ என்று எவரும் அதைப் புகழ்ந்ததில்லை. ஜுரானின் அளவுகோலால் பார்த்தால், இந்த மண்ணில் இந்தச் சுமைக்கு அதைவிடப் பொருந்திய வண்டி குறைவு. தரத்தைப் பற்றிய நம் எழுத்துகளில் அதற்கு ஒரு பத்திகூடக் கிடைக்காதது நியாயமில்லை.

பழுதுபார்ப்பவர்களைப் பற்றியும் அப்படியே. நெய்வேலி நிறுவனம் ஃபிட்டர், டர்னர், வெல்டர், மோட்டார் மெக்கானிக் தொழில்களில் நீண்ட காலமாகப் பழகுநர்களைப் பயிற்றுவித்து வருகிறது. பயிற்சி பெற்ற எல்லோருக்கும் அங்கேயே வேலை கிடைப்பதில்லை. அந்தக் கைத்திறன் மந்தாரக்குப்பம், வடலூர்ப் பட்டறைகளுக்கு எவ்வளவு போய்ச் சேர்ந்தது, ஒரு வண்டியின் ஆயுளை அது எவ்வளவு நீட்டியது என்பவை ஆராயத் தக்க கேள்விகள்.

நெய்வேலியின் முதல் அனல்மின் நிலையம் 2020-இல் மூடப்பட்டது. ஜெர்மன் வாளிகளுக்குப் பல் மாற்றிய முதல் தலைமுறைத் தொழிலாளர்கள் முதுமையின் கடைசிப் படிகளில் இருக்கிறார்கள். ஓசூரில் 1984-இல் முதல் ஏஎக்ஸ் 100-ஐப் பூட்டியவர்களும் ஓய்வு பெற்றுவிட்டார்கள். தொழில்நுட்ப வரலாற்றுத் துறைகளும் தமிழகப் பல்கலைக்கழகங்களும் இவர்களின் வாய்மொழியையும் பணிமனைப் பதிவேடுகளையும் பட்டறைக் குறிப்புகளையும் இப்போதே திரட்ட வேண்டும். பத்தாண்டு கழித்துப் போனால் கேட்பதற்கு ஆள் இருக்காது.